நாற்காலிக்கும் எண்ணெய் பழக்கலாம்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள வீடுகளில், மலை தெரியும் பக்கமாக மொட்டைமாடியில் ஒரு மர நாற்காலி கிடக்கும். ஏப்ரல், மே வெயிலில் காய்ந்து, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழையில் ஊறி, சில வருஷத்தில் நரைத்து வெடித்துவிடும். நல்ல தேக்கு இப்படி வீணாவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. அதைக் காப்பாற்றும் வழி நமக்குத் தெரிந்ததுதான்: தோசைக்கல் பழக்குவது.

புது இரும்புக் கல்லில் எண்ணெயை லேசாகத் தடவி, புகையும்வரை காயவைத்து, ஆறியதும் மறுபடி தடவுகிறோம். நாளடைவில் கறுத்து மினுங்கும் அந்தப் பூச்சு இனி எண்ணெயே அல்ல. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய படலம் அது. தண்ணீரை இரும்பை நெருங்கவிடாது.

மரத்துக்குத் தீ வேண்டாம், காற்றிலுள்ள ஆக்சிஜனே போதும். ஆனால் எண்ணெய் காயும் வகையாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் காயும். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள். கல்லில் எண்ணெய் அதிகமானால் பிசுபிசுக்குமே, இங்கேயும் அதே கதைதான். துணியால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும்; மடிப்புக்குள் அது தேங்கினால் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

நாற்காலியைக் கவிழ்த்துக் கால்களின் அடியைப் பாருங்கள். மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலேற்றிய நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. தளத்தில் தேங்கும் மழைநீரை அவை உறிஞ்சும். அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அந்த இடம் குடிக்கிற மட்டும் எண்ணெய் கொடுத்து, காய்ந்ததும் ரப்பர் புஷ் மாட்டுங்கள்.

புற ஊதாக் கதிரைத் தடுக்க மட்டும் இந்தப் படலத்தால் ஆகாது. மர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினை அந்தக் கதிர் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மரம் நரைப்பது இதனால்தான். இதற்கு நிழல்தான் மருந்து. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதி சுற்றும் பெரிய தேரையும் மற்ற நாட்களில் மூடித்தான் வைக்கிறார்கள். ஆனால் நாற்காலியை பாலிதீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் மூடி, கீழே காற்றோட்டம் விடுங்கள்.

அடுத்த பூச்சுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. கைப்பிடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பொறுக்கலாம். மரம் கறுத்து உள்ளே இழுத்தால், நன்றாக உலரவிட்டு எண்ணெய் போட வேண்டியதுதான்.