கை தேற ஒரு விளையாட்டு அறை

பக்கவாதத்திற்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரின் மகன், சில மாதங்களுக்கு முன் என் மேசைமீது ஒரு வரைபடத்தை விரித்தார். கே.கே. நகரில் உள்ள வீட்டின் முன்னறையைக் காலி செய்து, பழைய ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரங்களை வாங்கி நிறுத்துவது அவர் திட்டம். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் வந்த பேக்-மேன் ஆகியவற்றுக்கு அதில் இடம் குறித்திருந்தார். “ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆடினால் அப்பாவின் வலக்கை பழையபடி வந்துவிடும் அல்லவா, டாக்டர்?” என்று கேட்டார். தாயார் அருகில் பேசாமல் அமர்ந்திருந்தார்.

சிறுவயதில் வாடகைக்கு வீடியோ கேம் ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆயினும், 2016-இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியான எவரெஸ்ட் ஆய்வை அவருக்கு எடுத்துரைத்தேன். நான்கு நாடுகளில், பக்கவாதம் வந்து மூன்று மாதங்கள் கடவாத 141 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையோடு, ஒரு பிரிவினர் நின்டெண்டோ வீ வீடியோ கேம் ஆடினர். மற்றவர்கள் சீட்டு, பந்து போன்ற எளிய ஆட்டங்களை ஆடினர். இரண்டு வாரங்களில் ஒரு மணி நேர அமர்வுகள் பத்து. முடிவில் இரு பிரிவினரின் கையும் தேறியிருந்தது. ஒன்றைவிட மற்றொன்று மேலாக இல்லை.

பயன் தருவது, ஓர் அசைவைச் சலிக்காமல் பலமுறை செய்வதுதான். அதற்குரிய கருவிகள் நம் வீட்டுப் பரணிலேயே உள்ளன. பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் காய்களை ஒவ்வொன்றாக விட்டுச் செல்கையில், அள்ளுதல், பற்றுதல், விரலை நெகிழ்த்தி ஒன்றை மட்டும் விடுதல் என மூன்று வேலைகள் நிகழ்கின்றன. எண்ணுவதால் கவனமும் பழகுகிறது. முதலில் புளியங்கொட்டை, பிடி தேறிய பின் மஞ்சாடி. தாயக்கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகையில் இரு கைகளும் இணைந்து இயங்குகின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம், திருவரங்கத்தை அடுத்து வாழும் நமக்குப் புதிதன்று. கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டுவது சற்றுக் கடினம். அதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

தரையில் அமர வேண்டாம். கைப்பிடியுள்ள நாற்காலி, முன்கை முழுவதும் தாங்கப்படும் உயரத்தில் மேசை, நல்ல வெளிச்சம் இவை போதும். நடக்கும் வழியில் மின்கம்பியோ வழுக்கும் விரிப்போ இருத்தல் ஆகாது. இருபது நிமிட ஆட்டத்திற்குப் பின் ஓய்வு தருக. தோளில் வலி தோன்றினால் நிறுத்தி எங்களிடம் தெரிவியுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நோயாளி தடுமாறும்போது காயை நீங்களே எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். அன்பினால் செய்யும் இந்த உதவியே பயிற்சியைக் கெடுக்கிறது.

ஆர்கேட் இயந்திரமும் வேண்டும் என்போர்க்குச் சில சொற்கள். அவற்றுள் பல நின்று ஆடுவதற்காக அமைந்தவை. நிலைதடுமாறும் நோயாளிக்கு உகந்தவை அல்ல. பழைய படக்குழாயில், மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். தேர்ந்த மெக்கானிக் அன்றி எவரும் திறக்கலாகாது. வலிப்பு உள்ளவர்களுள் சிலருக்கு, மின்னி மின்னி எரியும் ஒளி வலிப்பைத் தூண்டும். சிறுவரிடமும் இளையோரிடமும் இது மிகுதி. 1997-இல் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு காட்சியைப் பார்த்த நூற்றுக்கணக்கான சிறுவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆகவே பேரப்பிள்ளைகளை இருட்டறையில் ஆடவிட வேண்டாம்.

எல்லாம் கேட்டபின் தாயார் முதன்முறையாகப் பேசினார். “அந்த அறையில்தான் இவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். அதை எங்கே கொண்டு போவது?” என்றார். வரைபடத்தில் கட்டில் இல்லை. மகன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது பெரியவர் என் மேசையிலிருந்த பேனாவை வலக்கையால் எடுத்தார். மூடியைத் திறக்க இயலவில்லை. நாள்தோறும் மாலையில் மனைவியோடு பல்லாங்குழி ஆடுவதாகவும், அவர் கணக்கில் ஏமாற்றுவதாகவும் குறைகூறினார்.