'கூடாது' எங்கே போனது?

கைபேசியில் எதையாவது தேடினால், இணைப்புகளுக்கெல்லாம் முன்னால் ஒரு பெட்டியில் சுருக்கமான விடை வந்து நிற்கிறது. அவசரத்துக்குக் கைகொடுக்கும்தான். ஆனால் சுருக்கும்போது எது விடுபடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2021-இல், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் தேடியவர்களுக்கு, ஆளை அழுத்திப் பிடியுங்கள், வாயில் எதையாவது வையுங்கள் என்று கூகுள் பெட்டி காட்டியது. எடுத்த இடம் யூட்டா பல்கலைக்கழக மருத்துவத் தளம். அங்கே அது செய்யக் கூடாதவற்றின் பட்டியல்! பட்டியல் பெட்டிக்குள் வந்தது, 'கூடாது' வெளியே நின்றுவிட்டது.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்; மறுப்பும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். 'இந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிட...' என்று வரி அறுந்தால், அடுத்தது 'வேண்டும்' என்பதா, 'கூடாது' என்பதா? போதாக்குறைக்கு நம் சொற்கள் நீளமானவை, சின்னத் திரையில் சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும். முழுப் பக்கத்தையும் படிக்க யாருக்குப் பொறுமை, டேட்டாவும் செலவாகுமே என்பார்கள். நியாயம்தான். சுருக்கமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எழுத்தை எண்ணி வெட்டாமல், வாக்கியம் முடிகிற இடத்தில் வெட்டினால் போதும். அதற்காக ஒரு விளம்பரம் கீழே தள்ளிப்போனால் போகட்டும். அதுவரை, மருந்து பற்றிய விடையில் மூன்று புள்ளிகளைக் கண்டால், தயவுசெய்து பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.