சக்கரத்தைத் தரையில் வைக்கும் சாண் கம்பி

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை என்று ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 35 கிலோமீட்டர்தான். பாதை என்று பெயரே தவிர, பல இடங்களில் அது பாறைகள் உருண்டு கிடக்கும் காட்டாற்றுப் படுகை போலத்தான் இருக்கும். 1953 முதல் ஜீப் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் கூட்டமாகச் சேர்ந்து அதைக் கடந்து வருகிறார்கள். கரடுமுரடு தொடங்கும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுகிறவர்கள் இறங்கி முதலில் டயரில் காற்றைக் குறைப்பார்கள். அடுத்து முன்சக்கரத்துக்கு அருகே குனிந்து, உள்ளே கைவிட்டு, ஒரு சாண் நீளமுள்ள கம்பியின் முனையிலிருந்து கடையாணி போன்ற ஓர் ஆணியை உருவுவார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டுப் பாறைக்குள் இறங்குவார்கள்.

அந்தச் சாண் கம்பிக்கு ஸ்டெபிலைசர் லிங்க் என்று பெயர். நம் ஊர் மெக்கானிக்குகள் லிங்க் ராடு என்பார்கள். அமெரிக்காவில் ஸ்வே பார் லிங்க். வண்டியில் விலை குறைந்த உறுப்புகளில் ஒன்று. தேய்ந்து ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால்தான் அதன் நினைவே வரும். ஆனால் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் வண்டிக்கு, எந்த லிங்க்கைப் போடுகிறோம் என்பது பெரிய டயர் வாங்குவதற்குச் சமமான முடிவு.

அது எதை எதோடு இணைக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வண்டியின் அடியில் குறுக்காக, ஆங்கில ‘யு’ எழுத்தைப் படுக்க வைத்தது போல ஓர் எஃகுத் தண்டு இருக்கும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களுக்குள் உட்கார்ந்து சேசிஸோடு பிணைந்திருக்கும். இரண்டு பக்கக் கைகளின் முனைகளும் ஆளுக்கொரு லிங்க் வழியாகச் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலோடு சேரும். கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் தண்டு தன் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொள்ளும். எந்த எதிர்ப்பும் காட்டாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால்தான் அதற்கு வேலை. ஈரத் துணியை இரண்டு கையாலும் எதிரெதிராகப் பிழிவது போல அது முறுக்கப்படும்; முறுக்கை விரும்பாமல் இரண்டு சக்கரத்தையும் ஒரே உயரத்துக்கு இழுக்கும். நெடுஞ்சாலை வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாமல் காப்பது இந்தப் பிடிவாதம்தான். தண்டின் பருமன் சற்றே கூடினாலும் பிடிவாதம் பல மடங்கு ஏறும். விறைப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதால், 10 சதவீதம் தடித்த தண்டு ஏறக்குறைய 46 சதவீதம் கூடுதல் விறைப்பைத் தரும்.

சாலையில் காக்கும் அதே குணம் பாறையில் காலை வாரிவிடுகிறது. இடது முன்சக்கரம் முழங்கால் உயரப் பாறையில் ஏறுகிறது, வலது சக்கரம் பள்ளத்தின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது சக்கரம் தொங்கி இறங்கித் தரையைத் தொட வேண்டும். ஸ்டெபிலைசர் பார் விடாது. அதையும் மேலே தூக்கிப் பிடிக்கும். சக்கரம் காற்றில் சுழலும். சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு, எதிர்ப்பு இல்லாத சக்கரத்தைச் சுற்ற விட்டுவிடுவது. அதனால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் இழுவை வராது. வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். ஒரு சக்கரம் உயர மற்றது தாழ்ந்து நிலத்தைத் தழுவும் இந்தத் திறனைத்தான் ஆர்ட்டிகுலேஷன் என்கிறார்கள். அதை அளக்க ஒரு முறையும் உண்டு. பொதுவாக 20 டிகிரி சாய்தளத்தில் ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் ஏற்றுவார்கள். ஏதாவது ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்வரை எவ்வளவு தூரம் ஏறியதோ, அதை வீல்பேஸால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் மதிப்பெண். ஒரே வண்டியை லிங்க்கோடு ஒரு முறையும் லிங்க் இல்லாமல் ஒரு முறையும் ஏற்றிப் பார்த்தால், அந்தச் சாண் கம்பி எவ்வளவு கட்டிப்போட்டிருந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. முதலில் நீளம். பலர் தவறுவது இங்கேதான்.

வண்டி சமதளத்தில் தன் எடையோடு நிற்கும்போது ஸ்டெபிலைசர் பாரின் கை தரைக்கு இணையாகவும், லிங்க் அதற்கு ஏறக்குறைய செங்குத்தாகவும் இருப்பது நல்லது. தொழிற்சாலை வண்டி பெரும்பாலும் இதற்கு அருகில்தான் இருக்கும். லிஃப்ட் கிட் போட்டு வண்டியை இரண்டரை அங்குலம் உயர்த்துகிறோம். சேசிஸோடு பாரும் மேலே போய்விடுகிறது. லிங்க் பழைய நீளத்திலேயே ஆக்ஸிலைப் பிடித்திருக்கிறது. எனவே கை கீழ்நோக்கி இழுபட்டு நிற்கும். இப்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் முழுதாக இறங்கினால் கையும் லிங்க்கும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிடலாம். அதையும் தாண்டினால் மூட்டு மறுபக்கம் மடங்கும். பிறகு சக்கரம் மேலே வரும்போது லிங்க் தவறான திசையில் நின்று எதையாவது வளைக்கும், இல்லை உடைக்கும். இதைத் தவிர்க்க, வண்டி எவ்வளவு உயர்ந்ததோ ஏறக்குறைய அவ்வளவு நீளத்தை லிங்க்கிலும் கூட்ட வேண்டும்.

‘நீளமாக இருந்தால் நல்லதுதானே’ என்று அளவுக்கு மீறிப் போவதும் ஆபத்து. சக்கரம் முழுதாக மேலே அமுங்கும்போது பாரின் கை சேசிஸிலோ ஸ்டீயரிங் தண்டிலோ போய் இடிக்கும். கணக்கை மட்டும் நம்பாமல், ஒரு சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவதே சரி. ஜீப் ராங்ளரின் ஜேகே மாடலில் ஒரு சிக்கன வழி வழக்கத்தில் இருக்கிறது: சுமாரான லிஃப்ட் போட்டவர்கள் முன்பக்கத்துக்குப் புது லிங்க் வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய முன் லிங்க்கைப் பின்பக்கம் மாட்டிவிடுவார்கள். அது பின் லிங்க்கை விட நீளம் என்பதால் உயர்த்திய வண்டிக்குப் பொருந்திப்போகும்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள லிங்க் என்றால் இன்னும் நல்லது. ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை இருக்கும். நடுக்குழாயைத் திருகினால் நீளும், குறுகும். பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் ஓட்டுநரும் சேர்ந்து வண்டியின் எடை இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பக்கம் மாட்டிவிட்டு மறுபக்கத்தை, இழுக்காமலும் தள்ளாமலும் போல்ட் தானாக உள்ளே போகிற அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். வலுக்கட்டாயமாகப் போட்டால் நேர் சாலையிலும் தண்டு முறுக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மூட்டு. ஆக்ஸில் ஒரு பக்கம் ஏறும்போது லிங்க் மேலும் கீழும் மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் சாய்கிறது. முனையில் உள்ள மூட்டு அந்தச் சாய்வுக்கு இடம் தராவிட்டால் இறுகிப்போய் போல்ட்டை வளைத்துவிடும். ரப்பர் புஷ் அமைதியாக இருக்கும். ஆனால் கொஞ்சம்தான் நெளியும். பாலியூரித்தேன் ரப்பரை விட நாள்படும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். ராடு எண்ட் எனப்படும் இரும்புக் குண்டு மூட்டு எந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பும், ஆனால் மண்ணும் சேறும் புகுந்து சீக்கிரம் தேய்ந்து சத்தமிடும். வாரம் முழுவதும் ஊருக்குள் ஓட்டி மாதம் ஒருமுறை காட்டுக்குப் போகிறவருக்கு ஒரு முனையில் புஷ்ஷும், மறுமுனையில் கிரீஸ் அடிக்கக்கூடிய, தூசி உறையுள்ள குண்டு மூட்டும் இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ராடு எண்ட், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வண்டிக்கு அடியில் படுத்துக் கழுவிப் பார்க்கிறவர்களுக்கு உரியது. ரப்பர் புஷ் உள்ள லிங்க்கை ஜாக்கியில் தூக்கி வைத்து இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து கிழிந்துவிடும்.

மூன்றாவது, கழற்றும் வசதி. ரூபிகானில் ஆணியை உருவினார்களே, அந்த வகை லிங்க். ஸ்பானர் இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சமதளத்தில் செய்வதுதான் முக்கியம். சரிவில் நின்றால் தண்டு முறுக்கேறி இருக்கும். ஆணியைத் தட்டி எடுத்ததும் லிங்க் துள்ளி விரலைப் பதம் பார்க்கும். திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் விரலளவு விலகி நின்றால், கூட வந்தவரை வண்டியை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள், துளை நேராகும். கழற்றிய லிங்க்கைத் தொங்கவிட்டால் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொள்ளும். கட்டாயம் உயர்த்திக் கட்ட வேண்டும்.

குனியாமலே இதைச் செய்ய 2007 மாடலாக வந்த ராங்ளர் ரூபிகான் ஒரு பொத்தானைக் கொடுத்தது. அதில் முன் ஸ்டெபிலைசர் பாரே நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். மின்மோட்டார் ஒன்று பாதிகளைச் சேர்க்கும், பிரிக்கும். வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே சேர்ந்துகொள்ளும். பார் நெகிழ்வாக இருந்தால் கழற்றவே வேண்டாமே என்பது இன்னொரு வழி. கரி நிறுவனத்தின் ஆன்ட்டிராக் அந்த ரகம். மெலிந்த தண்டு, நீண்ட கைகள், கையில் வரிசையாகத் துளைகள். லிங்க்கை வெளித் துளையில் மாட்டினால் இளகும், உள் துளையில் மாட்டினால் இறுகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கை. லிங்க்கைக் கழற்றினால் அதிகப் பயன் கிடைப்பது இரண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் நிற்கும் வண்டிகளில்தான். ராங்ளரும் சுசூகி ஜிம்னியும் அப்படிப்பட்டவை. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே சக்கரம் இறங்கும் தூரத்தை ஆர்ம்களும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் ஏற்கெனவே கட்டுப்படுத்துகின்றன. எனவே லாபம் குறைவு. எந்த வண்டியானாலும், சக்கரம் கூடுதலாக இறங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எட்டுகின்றனவா, ஏறும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். இழுபட்டு அறுந்த பிரேக் ஹோஸோடு மலையிறங்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. பின்பக்க பாரையும் சேர்த்துக் கழற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கச் சரிவில் வண்டி தொளதொளவென்று சாய்ந்து பயமுறுத்தும். முன்பக்கத்தை விடுவித்து, பின்பக்கத்தை விட்டுவைப்பதே நிதானமான வழி.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. லிஃப்ட் கிட் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

லிங்க் கழற்றிய வண்டி, வேகமாகப் போகையில் குறுக்கே வரும் மாட்டுக்காக ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் கவிழக்கூடிய அளவுக்குச் சாயும். ஆகவே காட்டுப் பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், வண்டியை நிறுத்துங்கள். இரண்டு லிங்க்கையும் மாட்டி, ஆணியைச் செருகி, கையால் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். டயருக்குக் காற்றடிப்பது அதற்கு அப்புறம்.