மாமல்லபுரம் போகும் வணிகர் குடும்பங்களுக்குச் சில செய்திகள்

வணிகப் பெருமக்களாகிய நமக்குக் கடையைத் திறப்பதும் பூட்டுவதுமே ஆண்டு முழுவதும் வாழ்க்கையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, பண்டிகைக் கொள்முதல், பாக்கி வசூல் என்று ஓடுகிற ஓட்டத்தில், வீட்டாரையும் கடைப் பையன்களையும் ஒரு நாள் வெளியே அழைத்துப் போகும் நினைப்பே வருவதில்லை. வந்தாலும் ஏலகிரியோடு நின்றுவிடுகிறது. கடலையே பார்க்காதவர்கள் ஒடுகத்தூர்ப் பக்கத்தில் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஏற்ற இடம் மாமல்லபுரம். வேலூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வேனில் சுமார் நான்கு மணி நேரம்.

மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைப்பதோடு சேர்த்துப் போய் வரலாமே என்று சிலர் எண்ணுவார்கள். வேண்டாம். அது அக்கினி நட்சத்திரக் காலம். பாறை அடுப்புக்கல்லாகச் சுடும். மார்கழி, தை மாதங்களே நல்லது. அப்போது மாலை வேளைகளில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழாவும் நடக்கும்.

வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே நுழைவுச் சீட்டு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை. ரதங்கள் ஒவ்வொன்றும் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தவை. கடற்கரைக் கோயிலோ கல்லை அடுக்கிக் கட்டியது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே உற்றுப் பார்ப்பார்கள். இங்குள்ள சின்னங்களை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அர்ச்சுனன் தபசு பாறையில் ஒரு பூனையைத் தேடிப் பாருங்கள். தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. எடையில் கை வைத்துவிட்டு நெற்றி நிறைய விபூதி பூசும் ஆசாமிகளை அறிந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. அங்கே பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். பிற்பகலில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ முட்டுக்காடு படகுத் துறைக்கோ போகலாம். இரண்டும் சென்னை செல்லும் சாலையில் உள்ளவை. முதலைப் பண்ணையின் வார விடுமுறை நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கடலைப் பற்றி. நம்மவர்கள் கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகியவர்கள். அந்தத் துணிச்சலே கடலில் ஆபத்தாகிறது. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது ஒரு வழியாகத் திரும்பத்தான் வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளம் இருந்தால் அந்த வழியாக ஓடையைப் போல வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அலை உடையாது. நீர் அமைதியாகத் தெரியும். அதைப் பார்த்து 'இங்கே அலை இல்லை, இறங்கலாம்' என்று இறங்குபவரே சிக்கிக்கொள்கிறார். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் சக்தி இல்லையென்றால் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். காப்பாற்றப் போகிறேன் என்று அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இருவர் மூவர் போய்விடுகிறார்கள். கயிறு, காலி பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணுக்கால் நனைத்தால் போதும் என்பதை வேனில் ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். குடித்தவர் யாராயினும் மணலோடு நிறுத்திவிடுங்கள். முதலாளியின் மைத்துனராக இருந்தாலும் சரி.

கடைவீதியில் நமக்குக் கண் சும்மா இருக்காது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியில் செதுக்கியதா, அச்சில் வார்த்ததா என்று அறிய, ஒரே மாதிரியான இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணுவும் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால் அச்சு என்று சந்தேகப்பட இடமுண்டு. கிளிஞ்சல் மாலை, சோழிப் பொருள்களை மொத்தமாக வாங்கி வந்து நம் கடையில் விற்கலாம் என்று தோன்றும். ஆனால் பவளப் பாறைத் துண்டு, உலர்ந்த கடல் குதிரை, சில வகைப் பெரிய சிப்பிகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடித்தவர் மட்டுமல்ல, வாங்கி வைத்து விற்றவரும் குற்றவாளியே. பெயர் தெரியாத சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். ரசீது கேளுங்கள், தர மறுக்கும் கடையில் மொத்தக் கொள்முதல் எதற்கு?

மீன் சாப்பிட விரும்புவோர், கிலோ என்ன விலை, பொரித்துத் தரக் கூலி தனியா என்று எடை போடுமுன்பே பேசிக்கொள்ளவும்.

ஓட்டுநரைப் பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்க விடுங்கள். இரவு திரும்பும் வழி நீளம். கிளம்புமுன் தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.