எரிமலைச் சரிவில் 16 கடிகாரங்கள்

2005 ஆகஸ்டில் ஈக்வடாரின் ரெவென்டடோர் எரிமலைச் சரிவில் 16 சிறு உணரிக் கருவிகளை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு நிறுவினார்கள், ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணினியியலாளர்களும் எரிமலை ஆய்வாளர்களும். ஒவ்வொன்றும் நில அதிர்வையும் எரிமலையின் உறுமலையும் வினாடிக்கு 100 முறை அளந்து, ரேடியோ வழியே ஒன்றிலிருந்து ஒன்றாகக் கடத்தி அனுப்பியது.

ஓர் அதிர்வு எந்தக் கருவியை முதலில் எட்டியது, அடுத்ததை எவ்வளவு நேரம் கழித்து எட்டியது என்று பார்த்தே அது மலைக்குள் எங்கே பிறந்தது எனக் கணக்கிட முடியும். அதற்கு 16 கடிகாரங்களும் 10 மில்லிவினாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இத்தகைய கருவிகளில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் படிகம். அது பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளில் 1.7 வினாடி விலகிவிடும். வெப்பநிலை மாற மாற அந்தப் பிசகின் அளவும் மாறும். எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் பொருத்தினால் பேட்டரி தாங்காது.

ஒரு கருவி தன் நேரத்தை மற்றதற்கு ரேடியோவில் சொல்லலாம். காற்றில் 300 மீட்டரைக் கடக்க அந்தச் செய்திக்கு ஒரு மைக்ரோவினாடி போதும். நேரம் விரயமாவது அனுப்பும் கருவிக்குள்தான். அலைவரிசை காலியாகும்வரை செய்தி அங்கே காத்துக் கிடக்கிறது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் அளவு. வந்து சேரும்போது அதிலுள்ள நேரம் பழையதாகிவிடும்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட முறை இந்தக் காத்திருப்பையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. செய்தியைத் தயாரிக்கும்போது நேரத்தைக் குறிப்பதில்லை. பைட்டுகள் ரேடியோவை விட்டுக் கிளம்பும் கணத்தில் குறிக்கிறார்கள். பெறும் பக்கத்திலும் அப்படியே. இப்படிக் கிடைத்த கடைசிச் சில குறிப்புகளை ஒரு நேர்கோட்டில் பொருத்திப் பார்த்து, தன் கடிகாரம் எவ்வளவு வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது என்பதைக் கருவி தானே கண்டுகொள்கிறது. அடுத்த செய்தி வரும்வரை அந்தக் கணக்கை வைத்தே தன்னைத் திருத்திக்கொள்ளும். பிழை ஓரிரு மைக்ரோவினாடிக்குள் அடங்கியது. இத்துறையில் இதைவிட நேர்த்தியான யோசனையை நான் படித்ததில்லை.

ரெவென்டடோரில் இதே முறையைத்தான் பயன்படுத்தினார்கள். 19 நாட்களில் 230 எரிமலை நிகழ்வுகள் பதிவாயின. ஆனால் இடையிடையே ஒத்திசைவு குலைந்து, சில கருவிகள் தவறான நேரத்தைச் சொல்லின. நல்லவேளையாக, ஒத்திசைத்த நேரத்தோடு ஒவ்வொரு கருவியின் சொந்தக் கடிகார எண்ணும் பதிவில் இருந்தது. வலையமைப்பில் இருந்த ஜிபிஎஸ் நேரத்தோடு அவற்றை ஒப்பிட்டு, ஒவ்வாத குறிப்புகளை நீக்கி, கடிகாரங்கள் ஓடிய விதத்தைத் துண்டு துண்டான நேர்கோடுகளாக வரைந்து, களப்பணி முடிந்த பிறகே தரவுகளின் நேரத்தைச் சரிசெய்தார்கள்.