பொன்னாசையும் குடும்பப் பொருளாதாரமும்

தமிழ்க் குடும்பம் ஒன்றில் பெண் மகவு பிறந்துவிட்டால், அதற்குப் பெயர் சூட்டும் முன்னரே சவரன் கணக்குத் தொடங்கிவிடுகின்றது. தில்லியிலாயினும் சரி, மும்பையிலாயினும் கொல்கத்தாவிலாயினும் சரி, சொந்த ஊரைவிட்டு வந்த நாம் பலவற்றை விட்டுவிட்டோம். இக்கணக்கை மட்டும் விட்டோமில்லை. மாத ஊதியத்தில் வாழும் குடும்பங்கள் நகைச்சீட்டுக் கட்டுகின்றன. தீபாவளி முன்பணத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் இதன்பொருட்டே எடுக்கின்றன. இதனைப் பேராசையென்று ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அது நியாயமாகாது. இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பழைய இந்து சமயச் சட்டத்தின்படி, ஆண்மக்கள் உள்ள வீட்டில் நிலத்திலும் வீட்டிலும் மகளுக்குப் பங்கு இல்லை. புகுந்த வீட்டிற்குச் செல்லும் பெண்ணுக்குத் தந்தை தரக்கூடியதும், அவள் தன்னுடையதென்று வைத்துக்கொள்ளக்கூடியதும் அணிகலனே. சிற்றூர்களில் வங்கி இல்லாத காலம் அது. கணவன் இறந்தாலும், மழை பொய்த்தாலும், குழந்தை நோயுற்றாலும் அடகுவைத்துப் பணம் பெற அவளுக்கிருந்த ஒரே வழி கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்தான். ஆகவே அந்நாளைய சீதனம், ஆடம்பரமாகத் தோன்றினும், உண்மையில் மறுக்கப்பட்ட பங்குக்கு ஓர் ஈடாகும்.

நிலைமை மாறிற்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு வழங்கியது. கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்கு உரிமையளிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல் கொணர்ந்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அது சட்டமாயிற்று. நியாயமாகப் பார்த்தால், பங்கு கிடைத்தபின் ஈடு குறைந்திருத்தல் வேண்டும். குறையவில்லை. பல குடும்பங்களில் நடப்பதென்ன? அறுபது சவரன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்ற காரணம் காட்டி, நிலத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் பெண்ணிடம் கையொப்பம் பெறுகின்றனர். உரிமைக்கு ஈடாக வந்த பொன், இன்று உரிமையைத் தடுக்கும் கருவியாகிவிட்டது. பொருளின்மேல் வைத்த பற்று அப்பொருளின் பயனையே மறக்கச் செய்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். ஒரு சவரன் என்பது 8 கிராம். நகைக்குப் பெரும்பாலும் பயன்படும் 22 காரட் பொன்னில் ஆயிரத்துக்கு 916 பங்கே தூய தங்கம். பத்து சவரனில் ஓர் ஆரம் வாங்குகிறோம் என்று கொள்வோம். செய்கூலியும் சேதாரமும் கடைக்குக் கடை, வேலைப்பாட்டுக்கு வேலைப்பாடு மாறுபடும். எடுத்துக்காட்டாக இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 15 என்று வைத்துக்கொண்டால், 80 கிராம் நகைக்கு 92 கிராமின் விலையைத் தருகிறோம். அதன்மேல் 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. ஆக, ஏறத்தாழ 95 கிராமின் விலை கொடுத்து 80 கிராம் பெறுகிறோம். கடைப்படி இறங்கும்பொழுதே இரண்டு சவரனுக்குச் சற்றுக் குறைவான மதிப்புக் கரைந்துபோயிற்று. சில ஆண்டுகளில் மோஸ்தர் மாறிவிட்டதென்று பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினால், அந்தக் கூலியையும் சேதாரத்தையும் மறுபடியும் தருகிறோம்.

பொன் விலை பன்மடங்கு ஏறிவிட்டதே என்பர். உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் விற்பவனுக்கே இலாபமாகும். குடும்ப நகையை விற்க நம்மவருள் யாருக்கு மனம் வரும்? வங்கிப் பெட்டகத்துக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டி, ஊரில் நடக்கும் திருமணத்துக்கென எடுத்து, இரண்டு நாள் இரயில் பயணத்தில் உறக்கமின்றிக் காத்து, மறுபடியும் பெட்டகத்தில் வைக்கும் நகைக்கு இலாபம் என்ற சொல் எங்ஙனம் பொருந்தும்?

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் ஒரு விந்தை உண்டு. நம்மைச் சூழ்ந்து வாழும் பஞ்சாபியரோ வங்காளியரோ நம் வீட்டு ஒட்டியாணத்தின் எடையை மதிப்பிடுவாரல்லர். அதை மதிப்பிடும் கண்கள் எல்லாம் கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் இருக்கின்றன. ஆண்டில் பதினைந்து நாள் காணப்போகும் உறவினருக்காக, எஞ்சிய முந்நூற்றைம்பது நாளும் நாம் வயிற்றைக் கட்டுகிறோம்!

அரசாங்கமும் வாளா இருந்ததில்லை. 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. இரு அவைகளும் உடன்படாமையால், நாடாளுமன்றத்தின் முதற் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டியே அது நிறைவேற்றப்பட்டது. 1963இல் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராயிருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்தலைத் தடுத்தது. பொன்னாசை குறையவில்லை, பொற்கொல்லரின் பிழைப்புத்தான் குலைந்தது. கள்ளக்கடத்தல் பெருகிற்று. காரட் வரம்பு சில ஆண்டுகளிலேயே நீங்கிற்று. 1968இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் நீக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டே, அந்நியச் செலாவணி தீர்ந்து நாடு நெருக்கடியில் சிக்கியபோது, ஏறத்தாழ 47 டன் பொன்னை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டு வங்கிகளில் ஈடுவைக்க நேர்ந்தது. அதைப் போலப் பன்மடங்கு பொன் நம் வீட்டுப் பெட்டிகளில் அசையாது கிடந்த நாளில்தான் இது நிகழ்ந்தது.

ரிசர்வ் வங்கி அமைத்த குழுவொன்று 2017இல் அளித்த அறிக்கையில் இந்தியக் குடும்பங்களின் உடைமைகளை ஆராய்ந்தது. சராசரியாக நூற்றுக்கு 84 பங்கு வீடு, நிலம் முதலிய பருப்பொருள்களிலும், 11 பங்கு தங்கத்திலும் இருக்க, வைப்புத்தொகை, காப்புறுதி, ஓய்வூதியம் முதலிய நிதிச் சேமிப்புக்கு எஞ்சியது 5 பங்கே. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தங்கத்தின் பங்கு இந்தச் சராசரியினும் மிகுதி. பெட்டகத்தில் நாற்பது சவரன் உள்ள வீட்டில் மருத்துவக் காப்புறுதி இல்லை. இதனை நாம் அன்றாடம் காண்கிறோம். ஊரில் இருந்தால் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஓடிவருவர். இங்கே நள்ளிரவில் மருத்துவமனை வாயிலில் முன்பணம் கேட்கும்போது பெட்டகம் திறந்திராது.

நமக்கு முன் வடக்கே வந்தவர்கள் செல்வர்களல்லர். சிம்லாவுக்கும் தில்லிக்கும் அரசாங்கத்தோடு இடம்பெயர்ந்த குமாஸ்தாக்கள் பலர். தம் பிள்ளைகளின் கல்விக்கென அவர்கள் 1923இல் அமைத்த சங்கம், இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகப் பல பள்ளிகளை நடத்துகின்றது. 1932இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது. அவர்தம் வீட்டுப் பெண்டிரும் நகை அணிந்தனர். ஆனால் சந்தாப் புத்தகம் வந்தபோது கை நீண்டது. இன்றோ, அதே நகரங்களில் பிள்ளை தமிழ் எழுதப் படிக்க அறியாததைச் சிரித்துக்கொண்டே கூறும் பெற்றோர், அட்சய திருதியையன்று வரிசையில் நிற்கத் தவறுவதில்லை.

பெண்ணுக்கு ஒன்றுமே செய்யவேண்டாமென்று நாம் கூறவில்லை. செய்வது அவள் கையில் சேரவேண்டும் என்கிறோம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், மிகுதியாக ஒன்றரை இலட்சம் வரை கட்டலாம். பதினெட்டு வயதுக்குப்பின் உயர்கல்விக்கெனப் பாதியளவு எடுக்க இடமுண்டு. திருமணத்தில் தரும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, தந்தவர் யார், மதிப்பு எவ்வளவு எனக் குறித்து, மணமக்கள் கையொப்பமிட வேண்டுமென்று 1985ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. பந்திக்கு எத்தனை வகைப் பாயசம் என்பதற்குப் பட்டியல் எழுதும் நாம், இதை எழுதுவதில்லை. எழுதினால் சம்பந்தி வீட்டார் மனம் நோவரென்று அஞ்சுகிறோம்.

சீதனம் பெண்ணின் தனிச் சொத்து, அதைக் கணவனோ அவன் வீட்டாரோ வைத்திருப்பதனால் அவர்களுடையதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் தீர்ப்பைக் காட்டி வழக்காடுவதினும், திருமணமான அந்த வாரத்திலேயே வங்கிப் பெட்டகத்தை அப்பெண்ணின் பெயரில் எடுத்து, சாவியை அவளிடமே தருவது எளிது. நகையை எடை போட்டுப் பார்க்கும் பெரியவர்கள், பெட்டகம் யார் பெயரில் உள்ளதென்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.