மருந்து இலவசம், பஸ்ஸுக்கு யார் காசு தருவது?

எங்கள் நாட்டில் புற்றுநோய் என்று அரசாங்க வைத்தியசாலைக்குப் போகும் பெண்ணிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. சத்திரசிகிச்சை, ஊசிமருந்து, கதிர்ச் சிகிச்சை எல்லாம் இலவசம். இது சின்ன விடயமல்ல. ஆனாலும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் எத்தனையோ சகோதரிகள் நடுவழியில் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தி விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மருந்துக்குக் காசு கேக்கிறேல்லைப் பிள்ளை. அங்க போய்ச் சேரத்தானே காசு வேணும்."

கணக்குப் பார்த்தால் விளங்கும். ஊசிமருந்து பெரும்பாலும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை ஏற்றப்படும். ஆறு தடவை, எட்டுத் தடவை என்று நீளும். அதன் பின் கதிர் பிடிக்க வேண்டுமென்றால் கிழமையில் ஐந்து நாட்கள், மூன்று முதல் ஐந்து கிழமைகள் வரை. முல்லைத்தீவின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து தெல்லிப்பழைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். விடியமுன் எழும்பி, பரந்தன் சந்தியில் ஒரு பஸ் மாறி, யாழ்ப்பாணத்தில் இன்னொரு பஸ் மாற வேண்டும். ஊசி ஏற்றிய பின் தலைசுற்றும், சத்தி வரும். தனியே திரும்ப முடியாது. ஆகவே ரிக்கற் இரண்டு பேருக்கு. துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் போய்விடும். கணவனைப் போரில் இழந்தவள், அல்லது காணாமல் போனவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவள் என்றால், துணைக்கு வர யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடம் போகும் மூத்த மகள்தான். அவளுடைய படிப்பு அன்றைக்கு நின்றுவிடும்.

சிலர் சங்கிலியை அடைவு வைக்கிறார்கள். சிலர் நுண்கடன் எடுக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரனுக்கு, தலைமயிர் கொட்டியிருப்பதோ கை வீங்கியிருப்பதோ ஒரு காரணமே அல்ல.

தெல்லிப்பழை வரை போனால் போதும் என்ற நிலைகூடப் பிந்தித்தான் வந்தது. போர்க் காலத்தில் வடக்கிலிருந்து பலர் முழுச் சிகிச்சைக்கு மகரகமவுக்கே போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு கப்பலுக்கோ விமானத்துக்கோ அனுமதி எடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டிக்கு அனுமதிப் பத்திரம் தெரியாது, அது வளர்ந்துகொண்டே இருக்கும். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2011 யூலையில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடைபவனி வந்தது. 27 நாட்கள், 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றைக் கட்ட நிதி சேர்ப்பதே நோக்கம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று வழியெல்லாம் ஆட்கள் கூட நடந்தார்கள். அப்படி எழுந்ததுதான் இன்று 'ட்ரெயில்' என்ற பெயரோடு நிற்கும் வைத்தியசாலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. பெரிய பணம் செய்ய வேண்டியதை ஓரளவு செய்துவிட்டது. எஞ்சி நிற்பது அந்தப் படியை மிதிக்கும் வரையான சின்னப் பணம்.

இங்கேதான் ஊருக்குள் இருக்கும் சிறு நிதிகள் வர வேண்டும். எங்கள் கிராமங்களில் மரண சகாய சங்கம் இல்லாத இடம் குறைவு. ஒருவர் இறந்தால் பந்தல், கதிரை, செலவுக்குக் காசு எல்லாம் மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் செத்த பிறகு கிடைக்கும் அந்தத் தொகையில் ஒரு பங்கு, உயிரோடு இருக்கும்போது பஸ் காசாகக் கிடைத்தால் என்ன? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் சுழற்சி நிதி இருக்கிறது. கோயில்களும் தேவாலயங்களும் திருவிழாவுக்குச் சேர்க்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கேட்டால் அனுப்புகின்றன. ஒரு நோயாளிக்கு ஆறு மாதத்துப் போக்குவரத்தைப் பொறுப்பெடுப்பது இவர்களுக்கு முடியாத காரியமல்ல.

கொடுக்கும் விதத்திலும் விடயம் இருக்கிறது. முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுத்தால் அது கடைக் கடனுக்கோ பிள்ளையின் வகுப்புக் காசுக்கோ போய்விடும். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு கிளினிக் திகதிக்கும் முதல்நாள், இரண்டு பேருக்கான பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கையில் கிடைப்பதே உதவும். கதிர் பிடிக்கும் கிழமைகளில் வைத்தியசாலைக்குக் கிட்ட தங்க ஓர் அறை கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்தது போட்டோ. காசோலையை நீட்டிப் பிடித்து, நோயாளியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கம் பரவிவிட்டது. மார்பு எடுத்த பெண் அதை அயலுக்குச் சொல்வதா விடுவதா என்பது அவளுடைய விருப்பம். 5,000 ரூபாவுக்காக அவள் அதை ஊருக்கு விற்க வேண்டியதில்லை. படம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சங்கத்துக்குக் கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டுப் போதும்.

பணமாக மட்டுமல்ல, பொருளாகவும் உதவலாம். மார்பு முழுவதையும் எடுத்தவர்களுக்குச் சட்டை ஒரு பக்கம் தொய்ந்து நிற்கும். அந்தக் கூச்சத்திலேயே கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை விட்டவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கனில் செய்த செயற்கை மார்பு விலை கூடியது. ஆனால் மெல்லிய பருத்தித் துணியில், பஞ்சு அடைத்து, பாரத்துக்குச் சிறுதானியமோ சிறு மணிகளோ தனிப்பையில் வைத்துத் தைத்து, உள்சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். தானியம் வைத்ததென்றால் கழுவ முதல் அந்தப் பையை வெளியே எடுக்க வேண்டும். காயம் நன்றாக ஆறிய பிறகு, வைத்தியரிடம் கேட்டு அணிய வேண்டும். எங்கள் தையல் நிலையங்களில் பயிற்சி பெற்ற பெண்களுக்கு இது அரைநாள் வேலை. தைப்பவருக்குக் கூலியை ஒரு சங்கம் கொடுத்தால் இரண்டு பெண்களுக்கு ஒரே காசில் உதவியாகும்.

அரச உதவிகளையும் விட்டுவிடக்கூடாது. புற்றுநோயாளருக்கான உதவிக் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. அதில் பெயர் இல்லை என்பதற்காக வேறு உதவியும் கிடையாது என்று நினைத்துத் திரும்பி வராதீர்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்பையே நாட வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெரிய செலவு வரப்போகிறது என்று தெரிந்தால், செலவு செய்ய முதலே விசாரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் இறுதிக்கால ஷெல் வீச்சில் காயப்பட்ட பெண்கள் பலரின் உடம்பில் இன்னும் துண்டுகள் இருக்கின்றன. மார்பிலோ கக்கத்திலோ கட்டி தட்டுப்பட்டால், "அது அந்தத் துண்டுதான்" என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆரம்பத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோகாது. நோகவில்லை என்பதற்காக விடாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள், பணம் இல்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டால் சொல்வார். உடம்பில் துண்டு இருந்தால் வைத்தியருக்கு அதை முதலிலேயே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க எழுதினால் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும்.

உதவி கேட்டுப் போகும்போது கிளினிக் கொப்பி, நோயை உறுதிப்படுத்திய அறிக்கை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றில் இரண்டு இரண்டு போட்டோக்கொப்பி கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியின் மூலப் பிரதியை எந்தச் சங்கத்திலும் எந்தக் கந்தோரிலும் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த ஊசிக்கு அது வேண்டும்.